எதுல ஆரம்பிக்கலாம்ணே?

ஒரகடம் கூட்ரோட்டுல ஷிஃப்ட் பஸ்சுக்கு நிக்கிற பையன் ஒருத்தன் கேட்டான்: "போன் ஆப்புக்கு ஸ்க்ரீன் எழுதக் கத்துக்கணும்ணே. கோட்லினா, ஃபிளட்டரா, ஸ்விஃப்டா?" டிப்ளமோ முடிச்சவன். பகல்ல போன் பூட்டுறான், ராத்திரி யூடியூப் பாடம்.

உங்கிட்ட மேக் இருக்கான்னேன். இல்லையாம். ஐபோன் ஆப் எழுதுற எக்ஸ்கோடு மேக்லதான் ஓடும். ஸ்டோர்ல போட வருஷத்துக்கு 99 டாலர். ஆண்ட்ராய்டுக்கு ஒரே தடவை 25 டாலர். அப்புறம் என்ன யோசனை? (இங்க பூட்டுற ஐபோனுக்கு இங்க ஒருத்தன் ஆப் எழுதறதுக்குள்ள இத்தனை செலவு. வயித்தெரிச்சல்தான்.)

ஆனா மொழியைப் பத்தி ரொம்ப அலட்டிக்காதீங்கங்கிறதுதான் என் கட்சி. 2006ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஆலை திறந்தப்போ ஸ்மார்ட்போன்னா சிம்பியன். அதுல ஸ்க்ரீன் வரைய மண்டையை உடைச்சிக்கிட்டவங்க எத்தனையோ பேர். 2011 பிப்ரவரியில நோக்கியாவே விண்டோஸ் போனுக்குத் தாவிடுச்சு. 2014 நவம்பர்ல ஆலையும் மூடியாச்சு. விண்டோஸ் போனும் இப்ப இல்ல. ஆண்ட்ராய்டுலயே எக்ஸ்எம்எல்ல பழகினவங்க, 2021க்கு அப்புறம் கம்போஸ்னு புதுசா உக்காந்து படிச்சாங்க.

இத்தனை கூத்துலயும் கட்டைவிரல் அப்படியேதான் இருக்கு. தொடுற இடம் 48 டிபிக்குக் குறையக் கூடாதுன்னு கூகுள் சொல்லுது, ஆப்பிள் 44 பாயின்ட்ங்குது. அதைவிட நமக்கு முக்கியம் எழுத்து. பாடத்துல வர்ற பட்டன் எல்லாம் 'ஓகே', 'லாகின்'னு இங்கிலீஷ்ல குட்டிக் குட்டியா இருக்கும். அதே பட்டன்ல 'கடவுச்சொல்லை மாற்று'ன்னு போட்டுப் பாருங்க, பாதி வெளிய தொங்கும். உயரத்தை இறுக்கிப் பிடிச்சிருந்தா 'கீ'யோட சுழி வெட்டுப்படும். எங்கம்மா மாதிரி எழுத்தைப் பெருசாக்கி வச்சிருக்கிறவங்க போன்ல கேட்கவே வேணாம். அதனால அகலம், உயரத்தை எண் போட்டு அடைக்காம எழுத்துக்கேத்த மாதிரி விரியவிடணும். எழுத்தளவு எஸ்பியில இருக்கணும். இங்கிலீஷ்ல முடிச்சுட்டு அப்புறமா தமிழைச் சேர்க்கலாம்னா மொத்தத்தையும் பிரிச்சு மேயணும், அனுபவத்துல சொல்றேன்.

ஷிஃப்ட் பஸ் எப்ப வரும்னு ஒரே ஒரு ஸ்க்ரீன், முழுக்கத் தமிழ்ல போடு, கூட நிக்கிறவங்க கையில குடுத்துட்டு வாயைத் திறக்காம பாருன்னேன்.

"தமிழ்லயா? கெத்தா இருக்காதேண்ணே"ன்னான். பதில் சொல்றதுக்குள்ள பஸ் வந்துடுச்சு.