தாதித் தொழிலும் தேவதைப் புகழும்

ஆண்டுதோறும் மே மாதம் 12ஆந் திகதி வந்தால் மேடைகள் எழும், விளக்குகள் ஏற்றப்படும். தாதியைத் தாய் என்பார் ஒருவர். தெய்வம் என்பார் மற்றொருவர். வெண்ணிற உடை தரித்த தேவதை என்று கவிதை வாசிப்பார் மூன்றாமவர். மேடையை விட்டிறங்கி வீடு சென்றதும், தம் மகள் தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னால் இதே பெருமக்களின் முகம் எவ்வாறு மாறும் என்பதை நாம் அறிவோம். "பிறத்தியாரின் மலசலம் அள்ளவா உன்னைப் படிப்பித்தேன்?" என்னும் கேள்வி நம்மவர் வீடுகள் பலவற்றிற் கேட்ட கேள்விதான்.

இவ்விரு குரல்களும் ஒரே தொண்டையிலிருந்து வருவன. நோயாளியின் உடலைத் தொட்டுச் செய்யும் அடிப்படைப் பராமரிப்பு ஓர் அறிவு, முறையாகக் கற்றாலன்றி வாராத அறிவு என்பதைப் புகழ்ச்சியும் மறைக்கிறது, இகழ்ச்சியும் மறைக்கிறது. தெய்வத்துக்குப் பயிற்சி தேவையில்லை. எடுபிடிக்கும் தேவையில்லை என்பது இவர்கள் எண்ணம். தெய்வத்துக்குச் சம்பளம் கூட்ட வேண்டியதில்லை என்பதும் இவர்களுக்கு வசதியாகவே இருக்கிறது.

இதனை நான் நூல்களிலிருந்து அறிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் பாரிசவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து ஓர் ஆஸ்பத்திரியிற் கிடந்தார். மருந்திற் குறையில்லை. வைத்தியர் இரு வேளையும் வந்தார். ஊசி நேரந் தவறவில்லை. எட்டாம் நாள் போர்வையை விலக்கிப் பார்த்தபோது, முள்ளந்தண்டு முடியுமிடத்தில் உள்ளங்கையளவு தோல் கறுத்திருந்தது. படுக்கைப் புண். அந்த வாட்டிற் பயின்றுகொண்டிருந்த மாணவி ஒருவர் அப்புண்ணின் நான்கு நிலைகளையும் ஆங்கிலத்திற் பிழையின்றி ஒப்புவிக்கக் கூடியவர். ஆனால் பாரித்த உடலொன்றைப் புரட்டுவது எவ்வாறென்று எவரும் அவருக்குக் காட்டிக் கொடுத்திருக்கவில்லை. அவர்மீது நான் குறை கூறேன். ஒரு வாட்டு நிறைந்த நோயாளருக்கு இரண்டு பேர் என்று விட்டவர்களே அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள்.

எனக்கு அதைக் காட்டித் தந்தவர் அவ்வாட்டின் சிற்றூழியப் பெண் ஒருவர். அப்பாவின் முழங்காலை மடக்கி, கையை மார்பின் குறுக்கே வைத்து, தோளிலும் இடுப்பிலும் பிடித்துத் தம் பக்கமாக உருட்டினார். "இழுக்காதையுங்கோ தம்பி, இழுத்தால் தோல் உரிஞ்சு போம்" என்றார். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கிடையே ஒன்று, குதிக்கால் படுக்கையிற் படாதபடி கெண்டைக்காலின் கீழ் ஒன்று. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். நாங்கள் கற்றுக்கொண்டபோது காலங் கடந்துவிட்டது. மூன்றாம் மாதம் தந்தையாரைக் கொண்டுசென்றது பாரிசவாதமன்று. அந்தப் புண்ணில் ஏறிய கிருமி.

"உருட்டிப் படுக்க வைப்பதற்கெல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்கும் கனவான்களுக்கு விடை கூறுவோம். எலும்புக்கும் படுக்கைக்குமிடையே அகப்படும் சதையில் நுண்ணிய குருதிக்குழாய்கள் நசுங்குகின்றன. குருதி செல்லாத சதை சில மணி நேரத்துக்குள் சாகத் தொடங்குகிறது. இங்கிலாந்தில் டொரீன் நோட்டன் என்னும் தாதியும் அவருடைய கூட்டாளிகளும் முதியோர் வாட்டுகளில் ஆராய்ந்து 1962இல் வெளியிட்ட நூல், முதுகில் தேய்க்கும் களிம்புகளையும் திரவங்களையும் நம்பியிருந்த பழக்கத்தை அசைத்தது. அழுத்தத்தை நீக்கி, நேரந் தவறாமல் உடலைப் புரட்டுவதே காக்கும் என்றார்கள். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, மலசலக் கட்டுப்பாடு என்னும் ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை புள்ளியிட்டு, மொத்தம் 20க்கு 14 அல்லது அதற்குக் குறைவாயின் அந்நோயாளிக்குப் புண் வரும் ஆபத்து உண்டென்று முன்கூட்டியே சொல்லும் அளவுகோலையும் தந்தார்கள். பென்சிலும் கடதாசியும் போதும். அந்நியச் செலாவணி வேண்டாம்.

ஒரு மனிதனின் மூச்சை எண்ணுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் எவனும் இயல்பாக மூச்சு விடமாட்டான். ஆதலால் தேர்ந்த தாதி நாடியை எண்ணி முடித்த பின்னும் மணிக்கட்டை விடுவதில்லை. நாடி பார்ப்பவர்போலவே இருந்து மார்பின் எழுச்சியை எண்ணுகிறார். பாரிசவாதக்காரனுக்குக் கஞ்சி ஊட்டுவோர் அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, உணர்வுள்ள பக்கத்துக் கன்னத்தில் சிறிது சிறிதாக வைத்து, ஒரு வாய் விழுங்கியதை உறுதி செய்த பின்னரே மறு வாய் கொடுக்க வேண்டும். படுத்தவன் வாயில் அன்போடு ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். அன்பு போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கை கழுவுதலின் வரலாறு இன்னும் கசப்பானது. வியன்னாப் பொது ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வாட்டுகள் இருந்தன. மருத்துவச்சிகள் பயின்ற வாட்டைவிட, பிணங்களை அறுத்துவிட்டு அதே கையோடு வந்த வைத்தியரும் மாணவரும் பணியாற்றிய வாட்டிலே தாய்மார் பன்மடங்கு அதிகமாக மாண்டனர். 1847இல் இக்னாஸ் செம்மல்வைஸ் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவுமாறு கட்டளையிட்டார். ஏப்ரிலில் நூற்றுக்குப் பதினெட்டாயிருந்த மரணம் சில மாதங்களில் இரண்டு அளவுக்கு இறங்கியது. ஆயினும் கனவான்களின் கையில் அழுக்கிருக்கும் என்பதை ஏற்க அக்காலத்துப் பெரிய வைத்தியர் பலர் மறுத்தனர். உயர்ந்தவன் கை தூயது, தாழ்ந்தவன் கை அழுக்கு என்ற நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று.

விளக்கேந்திய சீமாட்டி என்று நாம் கும்பிடும் புளோரன்ஸ் நைற்றிங்கேல் உண்மையில் ஏந்தியது கணக்குப் புத்தகம். கிரைமியப் போர்க்காலத்தில், 1855 பெப்ரவரியில், ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரியில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். சாக்கடை துப்புரவாக்கப்பட்டுக் காற்றோட்டம் வந்த பின் அவ்வீதம் சடுதியாக இறங்கியது. அப்படிப்பினையைப் புள்ளிவிபரங்களாலும் வரைபடங்களாலும் அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டியவர் அவர். 1861இல் தம் தாதிமைக் குறிப்புகளை உழைக்கும் மக்களுக்கென மலிவுப் பதிப்பாகவும் தந்தார். இதற்காக அவரைப் போற்றுவோம். கண்ணை மூடிக்கொண்டு போற்ற வேண்டியதில்லை. 1860இல் அவர் பெயரால் லண்டனில் தொடங்கிய பயிற்சிப் பாடசாலையிலேயே பின்னர் பணங்கட்டிப் பயிலும் சீமாட்டிகள் ஒரு வகை, சாதாரணப் பெண்கள் மறுவகை என்று பிரிவு வந்தது. மேற்பார்வை ஒருத்திக்கு; துடைப்பது மற்றவளுக்கு.

அப்பிரிவு பின்னர் சட்டமாகவும் வந்தது. 1943ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் உதவித் தாதியருக்கெனத் தனிப்பட்டியல் ஒன்றைத் திறந்தது. முழுப் பதிவுக்கு மூன்றாண்டு. இப்பட்டியலுக்கு 'செய்முறை' மிகுந்த இரண்டாண்டு. 1948இல் தேசிய சுகாதார சேவை பிறந்தபோது ஆளில்லாமற் தவித்த பிரித்தானியா மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பெண்களை அழைத்தது. வந்தோரிற் பலரை, வேறுபாட்டை விளக்காமலே, இரண்டாண்டுப் பயிற்சிக்குத் தள்ளியது. பலர் நாடு திரும்ப எண்ணியபோதுதான் அப்பத்திரம் தம் ஊரிற் செல்லாது என்று அறிந்தனர். நோயாளியை அவர்கள் கை தூக்கிற்று. அவர்களைத் தூக்கிவிட ஏணியில்லை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின் கடல் கடந்த நம் தாதியரை எண்ணும்போது இக்கதை தூரத்துக் கதையாகத் தோன்றவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் 59 இலட்சம் தாதியருக்குப் பற்றாக்குறை இருந்தது. அவ்வறிக்கையின்படி தாதியருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பெண்களாயிருந்தனர். தட்டுப்பாடான பொருளின் விலை ஏறுமென்பது முதலாளித்துவப் பொருளியலின் முதற்பாடம். பெண்ணின் உழைப்பென்றால் அந்தப் பாடம் ஏனோ மறந்துபோகிறது!

நம்மிடையே இவ்விகழ்ச்சிக்குச் சாதி என்னும் வேர் உண்டு. பிள்ளை பிறந்தாற் துடக்கு, ஆள் செத்தாற் துடக்கு. அத்துடக்கைக் கழுவுவதற்குச் சில சாதியார். இந்த ஏற்பாடு வீட்டு வாசலோடு நின்றுவிடவில்லை. ஆஸ்பத்திரிக்குள்ளும் கட்டில்வரை வந்திருக்கிறது. மலசலச் சட்டியை எடுப்பவர் வேறு, அதிலுள்ளதன் நிறத்தையும் அளவையும் குறிப்பேட்டில் எழுத வேண்டியவர் வேறு என்றால், குருதி கலந்து போனதை எழுதுவது யார்? பார்த்தவருக்கு எழுத உரிமையில்லை, எழுதுபவர் பார்க்கவில்லை.

மொழியும் இங்கு வருகிறது. குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, விறைப்பு என்று நம் கிழவி ஒருத்தி தன் வலியை ஐந்து விதமாகப் பிரித்துச் சொல்வாள். ஆங்கிலக் குறிப்புகளில் மட்டும் கற்ற மாணவி ஐந்தையும் ஒரே சொல்லாக எழுதி வைப்பாள். மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 1860களிலேயே தமிழில் மருத்துவங் கற்பித்தார். 'இரணவைத்தியம்' 1867இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் அச்சேறின. உடற்கூற்றையே தமிழிற் கூறியவர்களின் ஊரில், உடலைத் துடைக்கும் முறையைத் தமிழிற் கற்பிக்க முடியாதாம். கொழும்பு வாட்டுகளிற் பணியாற்றப் போகும் தமிழ்த் தாதி சிங்களத்து வலிச் சொற்களையும், வடக்கே வரும் சிங்களத் தாதி தமிழ்ச் சொற்களையும் கற்கவேண்டும் என்பதையும் இதனோடு சேர்த்தே சொல்லுகிறேன். பேரினவாதிகள் இருபுறத்திலும் சினக்கட்டும்.

ஆசிரிய நண்பர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். சுகாதாரப் பாடத்தில் இருதயத்தின் நான்கு அறைகளை வரையத் தெரிந்த பதினைந்து வயதுப் பையன், நீர்க்கடுப்பிற் கிடக்கும் தன் பாட்டியின் கீழுள்ள நனைந்த விரிப்பை, அவளை எழுப்பாமலே மாற்ற அறிவானா? பையன் என்று வேண்டுமென்றே எழுதினேன். அவன் தங்கைக்கு அதை ஒருவரும் கற்பிக்கவில்லை. ஆயினும் அவள் தலையிற்தான் அது விழும். ஒரு பழைய கட்டில், இரண்டு விரிப்பு, நாலு தலையணை, வெப்பமானி ஒன்று, செக்கன் முள்ளுள்ள கடிகாரம் ஒன்று, சவர்க்காரம். இவை இல்லாத பாடசாலை உண்டா? ஆஸ்பத்திரிப் பயிற்சியிலும் முதல் ஆறு மாதம் கட்டிலருகிலேயே கழியட்டும். சிற்றூழியருக்கு முறையான வகுப்பும், தேறினாற் தாதியாக உயரும் வழியும் திறக்கட்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். சம்பளக் கோரிக்கையோடு இதையும் ஒரே தாளில் எழுதட்டும்.

எங்கள் கிராமத்துப் பாடசாலையில் இத்தகைய வகுப்பொன்று தொடங்க அதிபர் இசைந்திருக்கிறார். முதற்பாடம் நடத்த அந்தச் சிற்றூழியப் பெண்மணியைக் கேட்டிருக்கிறேன். வருவதாகச் சொன்னார், ஒரு நாட் சம்பளம் போகும், பஸ் செலவும் உண்டு என்றார். அவ்விரண்டையும் சேர்த்துக் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறோம். பொன்னாடை போர்த்துவதாக இல்லை.