சோதனைக்கு அஞ்சுவானேன்?

2008-ம் ஆண்டு மார்ச் 3-ம் தேதி, தில்லியில் தனியார் ஹிந்தித் தொலைக்காட்சி ஒன்றின் நேரலை நிகழ்ச்சி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. மந்திரத்தால் எவரையும் மூன்றே நிமிடங்களில் கொல்ல முடியும் என்றார் தாந்திரிகர் ஒருவர். தன் மீதே அதைச் சோதித்துப் பார்க்குமாறு சவால் விடுத்தார் பகுத்தறிவாளர் சனல் இடமருகு.

மந்திரம் ஓதப்பட்டது, தண்ணீர் தெளிக்கப்பட்டது, கத்தி சுழற்றப்பட்டது. இடமருகு சிரித்தபடியே அமர்ந்திருந்தார். ஏதோ ஒரு வலிமைமிக்க தெய்வம் அவரைக் காப்பதாகத் தாந்திரிகர் சமாளித்தார். தான் நாத்திகன் என்று பதில் வந்தது. இரவில் செய்யும் சடங்கு தவறாது என்றார். திறந்தவெளியில் நடந்த அந்தச் சடங்கும் பொய்த்தது.

இதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் ஆகிய மாநிலங்களில் சூனியக்காரி என்று பழி சுமத்திப் பெண்களை அடித்துக் கொல்லும் கொடுமை, தனிச் சட்டங்கள் இயற்றப்பட்ட பிறகும் முற்றிலும் ஒழியவில்லை. சூனியத்துக்குச் சக்தி இல்லை என்று ஆயிரம் மேடைகளில் முழங்குவதைவிட, கோடிக்கணக்கானோர் கண்ணெதிரே ஒருமுறை நிரூபிப்பது வலிமையானது.

1995-ம் ஆண்டு செப்டம்பர் 21-ம் தேதி பிள்ளையார் சிலைகள் பால் குடிப்பதாகப் பரவிய செய்தியால் நாடெங்கும் கோயில்களில் கூட்டம் அலைமோதியது. மத்திய அரசின் விஞ்ஞானிகள் பாலில் வண்ணம் கலந்து சோதித்தனர். பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து இழுக்கப்படும் பால், சிலையின் மீது மெல்லிய படலமாக வழிந்தோடுவது தெளிவாயிற்று. யாருடைய பக்தியையும் பழிக்காமலேயே உண்மையை விளக்க முடியும் என்பதற்கு இது சான்று.

ஆனால், தொலைக்காட்சிகள் இரட்டை வேடம் போடுகின்றன. காலையில் ராசிபலன், நண்பகலில் அதிர்ஷ்டக் கல் விளம்பரம், இரவில் ஆவி உலவும் பங்களா. இவற்றுக்கு நடுவே என்றேனும் ஒரு நாள் அறிவியல் சோதனை. மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பக் கூடாது என்று 1994-ம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள் தெளிவாகவே கூறுகின்றன. விதி இருக்கிறது; அதைச் செயல்படுத்தும் முனைப்புதான் இல்லை.

சோதிக்கத் துணிபவர்களின் நிலையோ பரிதாபமானது. 2012-ல் மும்பை தேவாலயம் ஒன்றின் சிலுவையில் சொட்டிய நீர், கழிவுநீர்க் குழாய் அடைப்பால் சுவரில் ஊறி வந்தது என்று விளக்கிய இடமருகு, தொலைக்காட்சி விவாதத்தில் திருச்சபையையும் விமர்சித்தார். மத உணர்வைப் புண்படுத்தியதாக எழுந்த புகார்களைத் தொடர்ந்து அவர் பின்லாந்து சென்றார். மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டத்துக்காகப் பல்லாண்டுகள் போராடிய நரேந்திர தாபோல்கர், 2013 ஆகஸ்ட் 20-ம் தேதி புணேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கேட்ட சட்டத்தை மகாராஷ்டிர அரசு அவசரச் சட்டமாகக் கொண்டு வந்தது அதன் பிறகுதான்.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவு. அந்தக் கடமையைச் செய்பவரை வழக்கும் துப்பாக்கியும் துரத்துமானால், அரசியல் சட்டத்தில் அப்படியொரு பிரிவு இருந்து என்ன பயன்?

எந்த நம்பிக்கையாயினும், பிறர் உயிரையும் உடைமையையும் பறிக்கும் இடத்தில் அது சோதனைக்கு உட்பட்டே தீர வேண்டும். அச்சோதனையைத் தொலைக்காட்சிகள் பரபரப்புக்காக அல்லாமல் வழக்கமாகவே நடத்த வேண்டும். நடத்துவோருக்குப் பாதுகாப்பு அளிப்பது அரசின் பொறுப்பு. உண்மைக்குச் சோதனையால் இழப்பேதும் இல்லை. அஞ்ச வேண்டியது பொய் மட்டுமே!