வீட்டுப் பட்டறை: அம்மா உட்காரும் பெஞ்சு

அம்மா கீழே விழுந்ததற்கு நான்தான் காரணம். இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம்.

செம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் நின்றது. ஆடிக் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று ஆத்தூர், சின்னாளப்பட்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருடங்களுக்கு முன்பு அப்படியொரு காற்றில் மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. விறகுக்குக் கேட்டு வந்தவர் ஒரு விலை சொன்னார். அம்மா விடவில்லை. “உங்கப்பா வச்ச மரம்யா. அடுப்புக்கா குடுப்ப? எனக்கு உக்கார ஏதாச்சும் செஞ்சு குடு” என்றார்.

அப்போதுதான் பழைய மாட்டுக்கொட்டகையைச் சுத்தம் செய்து பட்டறையாக்கியிருந்தேன். நாலு உளி, ஓர் இழைப்புளி, ஒரு கைவாள், ஒரு மூலைமட்டம், அதோடு யூடியூப் தந்த தைரியம். மரத்தை மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்து வந்தேன். இரண்டே மாதத்தில் ஒரு ஸ்டூல் செய்து, வார்னிஷும் அடித்து, தெருவுக்கே காட்டினேன். அடுத்த மாதம் அம்மா உட்காரும்போது ஒரு கால் கழன்றுகொண்டது. மணிக்கட்டில் மாவுக்கட்டு. அப்போது அவருக்கு 76 வயது.

கழன்ற காலை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு ஆசாரியிடம் போனேன். கதவு நிலையிலிருந்து கட்டில் வரை கையாலேயே செய்தவர். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “மரம் எப்ப அறுத்தது தம்பி?”

“ரெண்டு மாசம் இருக்கும்யா.”

“அது இன்னும் பச்சப்புள்ள. அதுக்குள்ள கழுந்து சீவிட்டியே.”

அவர் சொன்னதன் பொருள் இதுதான். பச்சை மரத்தில் தண்ணீர் நிறைய இருக்கும். காயக் காய மரம் சுருங்கும். நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு, அகலவாக்கில்தான் அதிகம். துளைக்குள் இறுக்கமாக ஏற்றிய கழுந்து காய்ந்ததும் மெலிந்துவிடும், பூட்டு தளரும். பசை போட்டாலும் ஆணி அடித்தாலும் கதை அதேதான்.

“ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருஷம்னு வச்சுக்க” என்றார். இது உலகம் முழுக்கத் தச்சர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. என்னிடம் மிச்சமிருந்தவை இரண்டு அங்குலப் பலகைகள். அப்படியானால் இரண்டு வருடம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது. 76 வயதுக்காரரிடம் இரண்டு வருடம் பொறுத்திரு என்று எப்படிச் சொல்வது? ரெடிமேட் நாற்காலி வாங்கித் தருகிறேன் என்றேன். “நீ காய வையி. நான் இருக்கேன்” என்றார்.

காய வைப்பதற்கும் முறை இருக்கிறது. பலகையின் இரு முனைகள் வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், அங்கேதான் முதலில் வெடிக்கும். அதனால் முனைகளுக்குப் பழைய பெயின்டைக் கெட்டியாகப் பூசினேன். அந்தக் காலத்தில் சாணி பூசுவார்களாம். தரையில் படாமல் செங்கல் வைத்து, ஒவ்வொரு பலகைக்கும் நடுவே ரீப்பர் கொடுத்து, வெயில் படாமல் காற்று மட்டும் போகும்படி அடுக்கினேன். மாதம் ஒருமுறை ஒரு துண்டை மளிகைக் கடைத் தராசில் நிறுத்தி, எடையை அதன் மேலேயே எழுதி வைத்தேன். எடை குறையாமல் நிற்கத் தொடங்கினால் காய்ந்துவிட்டது என்று கணக்கு.

நடுவில் அம்மா 11 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த மாதம் எடை போடவில்லை. துண்டில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்துப் பிரித்தால், இருந்ததிலேயே அகலமான பலகையில் நீளமாக ஒரு வெடிப்பு. ஒதுக்கிவிடலாம் என்றிருந்தபோதுதான் ஜார்ஜ் நகஷிமாவைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். கட்டடக் கலைஞராக 1930களில் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்டும் வேலையில் இருந்தவர். அங்கேயே மரச்சாமான்களும் செய்தார். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க அரசு அவரைக் குடும்பத்தோடு முகாமில் அடைத்தது. அங்கிருந்த ஜப்பானியத் தச்சர் ஒருவரிடம் கைவேலை கற்றார். பிறகு பென்சில்வேனியாவில் வீட்டோடு சேர்ந்த பட்டறை அமைத்து உலகப்புகழ் பெற்றார். வெடித்த பலகையை அவர் தள்ளுவதில்லை. வெடிப்பின் குறுக்கே, நம் ஊர் உடுக்கை போல நடுவில் ஒடுங்கிய கட்டையைப் பதித்து, வெடிப்பு மேலும் விரியாமல் பிடித்து வைப்பார். அதை மறைக்கவும் மாட்டார்.

ஆசாரியிடம் சொன்னேன். “செய்யலாமே” என்று பூவரசில் மூன்று உடுக்கை சீவச் சொன்னார். முதல் இரண்டு வீணாயின. பொறுமையாகச் சீவிய மற்ற மூன்றும் இறுக்கமாக உட்கார்ந்தன.

உயரம் அம்மாவின் அளவுதான். பாதத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்தேன், 17 அங்குலம். பள்ளமாக உட்கார்ந்தால் வயதானவர்கள் எழச் சிரமப்படுவார்கள். ஊன்றி எழ இரண்டு பக்கமும் கைப்பிடி. கழுந்தின் கனம் கால் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. பலகையை மட்டும் இறுக்கிப் பூட்டவில்லை, திருகாணித் துளைகளை நீள்வட்டமாகப் போட்டேன். மழைக்காலத்தில் உப்பவும் கோடையில் ஒடுங்கவும் அதற்கு இடம் வேண்டும்.

முதலில் நான் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு ஆசாரி. ஒரு வாரம் கழித்துதான் அம்மாவை விட்டேன். அவர் உட்கார்ந்து, வெடிப்பை விரலால் தடவிக்கொண்டே கேட்டார்: “இது ஊஞ்சல் கட்டுன பக்கமா?”

எனக்குத் தெரியவில்லை. ஆமாம் என்றேன்.

இப்போது கொட்டகையில் பூவரசம்பலகை நான்கு அடுக்கியிருக்கிறேன். அடுக்கிய தேதியைச் சாக்பீஸில் எழுதினேன். அம்மா பெஞ்சில் இருந்தபடியே கேட்டார்.

“அது எப்பக் காயும்?”

“ரெண்டு வருஷம் ஆகும்மா.”

“ஆகட்டும். எனக்குச் சோறு வைக்க ஒரு சின்ன மேசை வேணும்.”