ஆடுகளப் பக்கம்: ஆள் எடுப்பதும் அணி கட்டுவதும்

சென்ற திங்கள் இப்பகுதியில் நம் ஜாம்ஷெட்பூர் அணியின் தற்காப்பு ஆட்டத்தைப் பற்றிச் சில குறைகள் எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர் ஒருவர் ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்திற்கு நம்மைத் தேடி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்தவர், இங்குள்ள ஒரு தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவர். ஆட்டத்தைப் பற்றி வாதாட வந்திருக்கிறார் என்று எண்ணி நாமும் ஆயத்தமாயினோம். அவரோ மடியிலிருந்து ஒரு நீண்ட உறையை எடுத்து நீட்டினார்.

“தம்பி, ஆபீசில் ஆங்கிலத் தாள் பார்த்துப் பழகியவர் நீங்கள். இதைப் படித்துப் பொருள் சொல்லுங்கள். பையன் கையெழுத்திடத் துடிக்கிறான்” என்றார்.

உள்ளே இருந்தது அவருடைய மகனுக்கு ஒரு கால்பந்து கிளப் அனுப்பியிருந்த ஒப்பந்தம். பையனுக்கு வயது பத்தொன்பது. இரண்டு பருவங்களுக்கு அவனை எடுத்துக்கொள்வதாகத் தாள் கூறிற்று. அதே வேளையில், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் ரயில்வே அறிவிப்பு ஒன்றும் வெளியாகியிருந்தது. “ஒப்பந்தம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, தம்பி. நான் பட்டது போதாதா? எதைத் தொடுவது, எதை விடுவது?” என்று அவர் கேட்டபோது, ஆட்டத்தைப் பற்றி நாம் சேர்த்து வைத்திருந்த வாதமெல்லாம் நாவிலேயே நின்றுவிட்டது.

அவருக்கு அன்று அரைகுறையாகவே விடை சொன்னோம். முழு விடையை இங்கே எழுத முற்படுகிறோம். ஏனெனில், அணி எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அறியாமல் ஆட்டக்காரன் ஒருவனுடைய ஒப்பந்தத்தின் மதிப்பை அறிய முடியாது.

ரயில்வேயில் நமக்கு ரோஸ்டர் புதிதன்று. எந்த வண்டிக்கு யார், எவருக்கு எப்பொழுது ஓய்வு, ஒருவர் நோய்வாய்ப்பட்டால் அவ்விடத்தில் யார் என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் ரோஸ்டர். விடுப்பில் செல்வோரின் இடத்தை நிரப்பவென்றே ‘லீவ் ரிசர்வ்’ என்று தனியே ஆட்கள் உண்டு. மிகச் சிறந்த ஒரு டிரைவரை மட்டும் வைத்துக்கொண்டு டிவிஷனை ஓட்டிவிட முடியாது. கால்பந்து அணிக்கும் இதுவே பொருந்தும். பதினொருவர் பெயரை எவரும் எழுதிவிடலாம். பன்னிரண்டாம் ஆளிலிருந்து இருபத்தைந்தாம் ஆள் வரை யார் என்பதில்தான் அணி நடத்துவோரின் திறமை வெளிப்படும்.

இனி, ஆள் எடுக்கும் முறையைக் காண்போம். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது உள்நாட்டு வீரர்களை எடுக்க ‘டிராஃப்ட்’ என்னும் முறையைக் கையாண்டார்கள். வீரர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று முன்னே இருக்கும். கிளப்புகள் வரிசைப்படி சுற்றுச் சுற்றாக ஒவ்வொருவரை எடுக்கும். பந்தியில் பரிமாறுவதைப் போல ஒரு சுற்று முடிந்த பிறகே மறு சுற்று வரும். பணம் மிகுந்தவரே நல்லவர்களை எல்லாம் அள்ளிச் செல்லாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. 2015இல் டிராஃப்டோடு பத்து வீரர்களுக்கு ஏலமும் நடந்தது. அதில் சுனில் சேத்ரி 1 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு மும்பை அணிக்குச் சென்றார். யூஜின்சன் லிங்டோ 1 கோடியே 5 லட்சத்திற்குப் புனே அணிக்குச் சென்றார்.

நம் ஊர் அணி லீக்கில் சேர்ந்தது 2017இல். அவ்வாண்டு ஜூலை 23ஆம் தேதி மும்பையில் நடந்த டிராஃப்டில் இருநூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. முதல் பெயரைச் சொன்னது நம் அணியே. கேரளத்துத் தற்காப்பு வீரர் அனஸ் எடத்தொடிகாவை 1 கோடியே 10 லட்சத்திற்கு எடுத்தார்கள். ஊரெல்லாம் மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அவர் இங்கே இருந்தது அந்த ஒரு பருவந்தான். அடுத்த ஆண்டே கேரளத்து அணிக்குப் போய்விட்டார். அவரிடம் குறை காண நாம் இதைக் கூறவில்லை. டிராஃப்ட் ஆளைத் தரும். ஆள் தங்குவதை ஒப்பந்தத்தின் காலமே தரும் என்பதைக் காட்டவே கூறுகிறோம். அந்த 2017ஆம் ஆண்டோடு டிராஃப்ட் முறையும் நின்றது. அதன் பின்னர் கிளப்பும் வீரரும் நேரே பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளும் வழக்கமே நிலைத்தது.

இதற்கு மேலும் பெரிய சான்று 2022இல் கிடைத்தது. அவ்வாண்டு மார்ச் 7ஆம் தேதி கோவாவில் மோகன் பகான் அணியை 1-0 என்று வென்று, நம் அணி லீக் கேடயத்தை முதன்முறையாகப் பெற்றது. ரித்விக் தாஸ் அடித்த அந்தக் கோலைத் தொலைக்காட்சியில் கண்டு துள்ளியவர்களில் நாமும் ஒருவர். பயிற்சியாளர் ஓவன் காயில். நடுக்களத்தில் கிரெக் ஸ்டூவர்ட். முன்களத்தில் சீமா சுக்வு. தொடர்ச்சியாக ஏழு வெற்றிகள்! ஆனால் பருவம் முடிந்ததும் காயில் போனார். ஸ்டூவர்ட் மும்பைக்குப் போனார். அடுத்த பருவத்தில் பதினொரு அணிகளில் நாம் பத்தாம் இடத்தில் நின்றோம். ஓராண்டில் முதலிடத்திலிருந்து பத்தாமிடம்! கல்யாண வீட்டுப் பந்தலைப் போல, விருந்து முடிந்தவுடன் கால்களைப் பிடுங்கிவிட்டார்கள்.

இதற்கு மாறான காட்சியையும் கண்டோம். 2023 டிசம்பரில் பயிற்சிப் பொறுப்பேற்ற காலித் ஜமீல், பெரும் பெயர்களை நம்பாமல், கையிலிருந்தவர்களை ஒழுங்குபடுத்தினார். 2024-25 பருவத்தில் அணி ஐந்தாம் இடம் பெற்று அரையிறுதிக்குச் சென்றது. இங்கே மோகன் பகானை 2-1 என்று வென்று, கொல்கத்தாவில் 0-2 என்று தோற்று வெளியேறியது. அதே ஆண்டு சூப்பர் கோப்பையின் இறுதியாட்டம் வரையிலும் போயிற்று. 2025 ஆகஸ்டில் அவர் இந்திய அணிக்கே பயிற்சியாளரானார்.

ஆகவே, அணித் தேர்வுப் பொறுப்பு நம்மிடம் வந்தால் என்ன செய்வோம் என்று கேட்கும் நண்பர்களுக்கு நம் விடை இதுதான். முதலாவது: கோல் காப்பாளர், நடுத் தற்காப்பாளர், அவர்களுக்கு முன் நிற்கும் நடுக்கள வீரர் ஆகிய மூவரும் வீட்டின் தூண்கள். இவர்கள் இந்தியராகவும், மூன்றாண்டுக்குக் குறையாத ஒப்பந்தமுடையவராகவும் இருத்தல் வேண்டும். களத்தில் ஒரே வேளையில் நான்கு வெளிநாட்டார்க்கு மேல் ஆடலாகாது என்று 2021-22 பருவத்தில் விதி வந்தபின், ஏழு இந்தியரின் தரமே அணியின் தரம் என்றாகிவிட்டது. இரண்டாவது: வெளிநாட்டாரைக் கோல் அடிக்கவும், வழி திறக்கவும் எடுப்போம்; ஆனால் எல்லோருடைய ஒப்பந்தமும் ஒரே மே மாதத்தில் முடியும்படி வைக்க மாட்டோம். ஓர் ஆபீசில் அனைவரும் ஒரே நாளில் ஓய்வு பெற்றால் மறுநாள் கோப்பு யாரிடம் இருக்கும்? மூன்றாவது: நம் ஊரிலேயே 1987 முதல் டாட்டா கால்பந்துப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. ரெனெடி சிங், மகேஷ் கவ்லி, சுப்ரதா பால் போன்றோர் அங்கு உருவானவர்கள். கிணறு வீட்டில் இருக்கக் குடம் எடுத்து வெளியே அலைவானேன்?

இனி அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம்.

நம்மவர்க்குப் பெருமை தந்த ஒருவரை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூரிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் 2018-19 பருவத்தில் நம் ஊர் அணிக்கு ஆடினார். இடப்புறத்தில் அவர் பந்தோடு விரைந்ததைக் கண்டு, நம் சங்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இடக்காலால் உதைக்கப் பழகினார்கள்! அடுத்த ஆண்டு கொல்கத்தா அணிக்குச் சென்று 2020இல் கோப்பை வென்ற அணியிலும் இருந்தார். அதே ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி, புதிய பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் கடுங்காயம் பட்டு வெளியேறினார். அந்தப் பருவமே அவருக்கு இல்லாமற் போயிற்று. பின்னர் மீண்டு வந்து ஆடினார் என்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும் ஆட்டக்காரனின் பிழைப்பு ஒரு முழங்காலில் தொங்குவது என்பதைப் பெற்றோர் மறக்கலாகாது.

காயம் கிளப்புகளுக்கும் வரும் என்பதை 2025இல் கண்டோம். கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையே இருந்த உரிமை ஒப்பந்தம் அவ்வாண்டு டிசம்பரில் முடிவதாயிருந்தது, புதியது கையெழுத்தாகவில்லை. ஆகவே வழக்கமான காலத்தில் பருவம் தொடங்கவில்லை. சில கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தி வைத்தன. 2026 பிப்ரவரியில்தான், சுருங்கிய அளவில், ஆட்டம் தொடங்கிற்று. பெரிய வீரர்களுக்கே இந்நிலை என்றால் பத்தொன்பது வயதுப் பையனின் நிலை என்ன?

மறுபுறம் ரயில்வே வேலை. அதன் அருமையை நாம் சொன்னால் தன் தொழிலைத் தானே புகழ்வதாகும். ஆகவே பி. கே. பானர்ஜியைச் சொல்கிறோம். இந்த ஜாம்ஷெட்பூரில் பள்ளியில் படித்து வளர்ந்தவர் அவர். கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளுக்கு ஆடாமல், ஈஸ்டர்ன் ரயில்வே ஊழியராகவே இருந்து, 1958இல் அந்த அணி கொல்கத்தா லீக்கை வெல்லத் துணை நின்றார். மூன்று பெரிய கிளப்புகளுக்கு வெளியே இன்னோர் அணி அந்த லீக்கை வெல்ல 2019 வரை, அறுபத்தோராண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கினார். 1962இல் ஜகார்த்தாவில் தங்கப் பதக்கம் வென்ற அணியில் ஆடினார். மாதச் சம்பளம் அவர் காலைக் கட்டவில்லை. ஊன்றி நிற்கவே உதவிற்று.

ஆனால் அன்றிருந்த நிலை இன்றில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய ஆட்டம் இன்று கிளப்புகளிடம் இருக்கிறது. பையனுக்கு அவ்வாசை இருப்பது குற்றமன்று. எனவே கணக்குப் பார்ப்போம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் சேர வயது வரம்பு 18 முதல் 25 வரை. பையனுக்கு 19. இரண்டாண்டு ஒப்பந்தம் முடியும்போது 21. அப்போதும் கதவு திறந்தே இருக்கும். ஐந்தாண்டு என்று நீட்டிக் கையெழுத்திட்டால் 24. கதவு சாத்தும் வேளை. அணிக்கு நீண்ட ஒப்பந்தம் நல்லது என்று மேலே சொன்ன நாமே, இந்தப் பையனுக்குக் குறுகியது நல்லது என்கிறோம். இதில் முரண் இல்லை. தூணாகிவிட்டவனுக்கு நீண்ட காலம் வேண்டும். முளைவிடும் பயிருக்கு அடுத்த மழை எங்கே என்று பார்க்கும் உரிமை வேண்டும்.

ஒப்பந்தத் தாளில் பார்க்க வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்கிறோம். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு மேற்படலாகாது. பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு மூன்றாண்டுக்கு மேற்படலாகாது. பருவத்தின் நடுவே ஒருதலையாக முறிக்கலாகாது. இரண்டு மாதச் சம்பளம் நின்றால், பதினைந்து நாள் கெடு வைத்து எழுத்தில் கேட்டு, அப்போதும் வராவிடில் விலகும் உரிமை வீரனுக்கு உண்டு. ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கையில் வேறு கிளப்போடு பேசலாம். காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, அக்காலத்துச் சம்பளம் உண்டா என்பவை எழுத்தில் இருத்தல் வேண்டும்.

அந்தத் தந்தை கொணர்ந்த தாளில் தொகையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். காயத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ‘தகுதி குன்றினால் கிளப் விலக்கலாம்’ என்ற வரி மட்டும் இருந்தது. அதைத் தமிழில் படித்துச் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. “இந்த வரியை நான் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன், தம்பி” என்றார்.

மறுநாள் பையனையே அழைத்து வந்தார். இரண்டு கடிதங்கள் எழுதினோம். ஒன்று, அந்த வரியை நீக்கிக் காயத்திற்குரிய பொறுப்பைச் சேர்க்கும்படி கிளப்புக்கு. மற்றொன்று ரயில்வே விண்ணப்பம். பையன் முகம் சற்று வாடியே இருந்தது. அவ்வயதில் நமக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். “அண்ணா, திருத்தச் சொன்னால் வேறொருவனை எடுத்துக்கொள்வார்களே?” என்று கேட்டான். எடுத்துக்கொள்ளலாம். ஒரு வரியைத் திருத்தக் கேட்டதற்காக உன்னை விடுபவர், உன் முழங்கால் வீங்கிய அன்றும் விட்டுவிடுவார் என்றோம். அவன் பதில் பேசாமல் கையெழுத்திட்டான்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் வரையில் கிளப்பிடமிருந்து மறுமொழி வரவில்லை. வந்ததும் அன்பர்களுக்கு அறிவிப்போம். நம் குடும்பங்களில் வேறு எப்பிள்ளைக்கேனும் இத்தகைய தாள் வந்திருந்தால், கையெழுத்திடும் முன் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கட்டடத்திற்குக் கொண்டு வாருங்கள். நாம் மெட்ரிக்குலேஷன் அளவே படித்தவர். எனினும் சிறிய எழுத்தைப் பொறுமையாகப் படிக்க நமது ஆபீஸ் நமக்குக் கற்பித்திருக்கிறது.