மாமியாரைப் படுக்க விடாதீர்கள்!

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து மாமியார் வீடு திரும்புகிறார். "நீங்கள் அசையாமல் படுத்திருங்கள் அத்தை, எல்லாம் நான் பார்த்துக் கொள்கிறேன்" என்கிறாள் மருமகள். ஊரே மெச்சும். டாக்டர் மட்டும் மெச்ச மாட்டார்!

ஆபரேஷன் ஆன அன்றோ மறுநாளோ ஆஸ்பத்திரியில் நோயாளியை எழுப்பி நடக்க வைத்து விடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த நடை நின்று போனால், புது மூட்டு மடங்க மறுக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தை ஒரு வேளைகூடத் தவற விடக் கூடாது என்று டாக்டர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

நம் வீட்டு வழக்கம் ஒன்று இங்கே குறுக்கே வருகிறது. கால் வலி என்றால் தைலத்தை எடுத்து வந்து ஆடுசதையை அமுக்கிப் பிடித்து விடுவோம், இல்லையா? பாசம்தான், ஆனால் இப்போது வேண்டவே வேண்டாம். ஆடுசதை புதிதாக வீங்கி, தொட்டால் வலித்தால், உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ கண்டால் யோசனையே கூடாது, 108 ஆம்புலன்ஸ்தான்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பதும் இந்த ரகம்தான். சுகமாக இருக்கும். ஆனால் வளைந்தே கிடந்து பழகிய கால் பிறகு நேராக நீளாது.

வீட்டுக்கு நர்ஸ் அமர்த்துகிறவர்கள், வருகிறவர் நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்தானா என்று முதலில் கேட்டு விடுங்கள். துணைக்கு இருக்கும் ஆள் வேறு, புண்ணைப் பார்த்ததுமே சீழ் வைக்கிறதா என்று கண்டு கொள்ளும் நர்ஸ் வேறு. தையல் பிரிக்கும் வரை, அதாவது 10 முதல் 14 நாட்கள் வரை, அவர் வந்து போனால் பல வீடுகளுக்குப் போதும். பிசியோதெரபிஸ்டின் வேலையோ வாரக்கணக்கில் நீளும். கையிலுள்ள பணம் ஒருவருக்குத்தான் கட்டும் என்றால், இரவு பகல் ஆளை விட்டு பிசியோதெரபிஸ்டுக்கே கொடுங்கள் என்பேன் நான்.

நடக்கிற வழியில் கிடக்கும் மிதியடியையும் பாயையும் சுருட்டி வையுங்கள். (பிள்ளையாண்டான் செல்போனைக் கீழே வைத்துவிட்டு இதைச் செய்யலாம்!)

டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டு அரை மணி கழித்துப் பயிற்சியை ஆரம்பியுங்கள். "கல் நெஞ்சக்காரி!" என்பார் மாமியார். சொல்லட்டும். வாக்கரை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வையுங்கள்.