மருந்து எழுதினால் மட்டும் போதுமா, டாக்டர்?



காய்ச்சல் என்று போனால் டாக்டர் நாக்குக்கு அடியில் ஒரு கண்ணாடிக் குழாயை வைப்பார். அதற்குள் வெள்ளி போல மின்னும் பாதரசம் எந்தக் கோட்டில் ஏறி நிற்கிறதோ, அதுதான் நம் உடம்பின் சூடு. டிஜிட்டல் கருவிகள் வருவதற்கு முன்னால் உலகம் முழுவதும் இதுதான் வழக்கம். அமெரிக்காவுக்கும் மற்ற நாடுகளுக்கும் போன அந்தத் தெர்மாமீட்டர்கள் பெருமளவில் நம் கொடைக்கானல் மலையில் செய்யப்பட்டவை என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நோயைக் காட்டும் கருவியைச் செய்த தொழிலாளர்களே, "எங்கள் நோய்க்கு யார் பொறுப்பு?" என்று கேட்டுப் பதினைந்து வருடங்கள் அலைந்த கதை தெரியுமா?

அந்தக் கதையை இன்று மறுபடியும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் சமுதாயத்தில் இன்று டாக்டர்கள் பெருகியிருக்கிறார்கள். நர்ஸ், பார்மசிஸ்ட், லேப் டெக்னீசியன் என்று பிள்ளைகள் படித்து வருகிறார்கள். மகிழ்ச்சி! ஆனால் அவர்களின் கடமை மருந்துச் சீட்டோடு முடிந்துவிடுகிறதா என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

மலையில் நடந்தது என்ன?

1983இல் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுன் என்ற ஊரிலிருந்து தெர்மாமீட்டர் ஆலை ஒன்று கொடைக்கானலுக்கு இடம் பெயர்ந்து வந்தது. கொண்டு வந்தது பாண்ட்ஸ் கம்பெனி. 1987இல் பாண்ட்ஸை யூனிலீவர் விலைக்கு வாங்கியது. பின்னர் ஆலை இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. ஆலை நின்ற இடம் பாம்பார் சோலைக் காட்டின் மேட்டில். அந்தப் பாம்பாறுதான் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக இறங்குகிறது.

2001 மார்ச் மாதம் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி 7.4 டன் கிடப்பது வெளியே வந்தது. உள்ளூர் மக்களும், பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும், கிரீன்பீஸ் அமைப்பும் திரண்டு குரல் கொடுத்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

வியாபாரிகளே, ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். பழைய சாமான் கடையைக் 'காயலான் கடை' என்று நம் ஊர் பெயர் வைத்து அழைக்கும் அளவுக்கு அந்தத் தொழிலில் நம்மவர்கள் இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள். எடை போட்டு மூட்டை கட்டும் பையனுக்கு அந்தக் கண்ணாடித் தூளில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது?

கண்ணுக்குத் தெரியாத விஷம்

பாதரசம் சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சில் உள்ளே போனதில் பெரும் பகுதி நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடும். அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். கர்ப்பிணியானால் வயிற்றுப் பிள்ளை வரை போகும். கை நடுக்கம், ஈறு வீக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத கோபம், மறதி என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். வேலைக்குப் போட்டுப்போன சட்டையிலேயே அது வீட்டுக்கும் வந்து சேரும்.

இப்போது சொல்லுங்கள். தலைவலி, தூக்கமில்லை, கை நடுங்குகிறது என்று ஒருவர் வந்தால் டாக்டர் என்ன செய்வார்? இரத்த அழுத்தம் பார்ப்பார், சத்து மாத்திரை எழுதுவார், அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார். "நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்ற ஒரு கேள்வி அங்கே விழாவிட்டால், அந்த நோய்க்குக் கடைசி வரை பெயரே கிடைக்காது!

இந்தக் கேள்வி புதியதல்ல. 1700ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழிலாளர்களின் நோய்களைப் பற்றித் தனி நூல் எழுதி, நோயாளியிடம் அவர் தொழிலைக் கேட்டே ஆக வேண்டும் என்று மருத்துவர்களை வற்புறுத்தினார். பாதரசம் பூசிக் கண்ணாடி செய்தவர்களின் துயரத்தையும் அவர் அதில் பதிவு செய்திருக்கிறார். முன்னூறு வருடத்துக்கு முந்தைய பாடம் இது. நம் ஊர் கிளினிக்குகளில் எத்தனையில் இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது?

கேட்பதோடும் கடமை முடியவில்லை. 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 89வது பிரிவு என்ன சொன்னது? பட்டியலில் உள்ள தொழில் நோய் ஒரு தொழிலாளிக்கு இருப்பதாக டாக்டர் கருதினாலே, அவர் தாமதமின்றித் தலைமை ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பாதரச விஷமும் உண்டு. கொடைக்கானல் ஆலை ஓடிய காலம் முழுவதும் இந்தச் சட்டம் அமலில் இருந்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே கடமை டாக்டர்களுக்கு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆக, இது டாக்டர் விரும்பினால் செய்யும் தர்மம் என்று யாரும் சொல்லித் தப்ப முடியாது!

பிறகு பார்க்கலாம் என்றால்...

ஆலை மூடிய பிறகு நடந்ததைக் கவனியுங்கள். பாதரசத்தால்தான் நோய் வந்தது, சக தொழிலாளர்கள் சிலர் இறந்தும் போனார்கள் என்றார்கள் தொழிலாளர்கள். வேலையால் யாருக்கும் கேடு வரவில்லை என்று கம்பெனி மறுத்தது. 2006இல் வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2007இல் நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, நோய்களுக்கும் பாதரசத்துக்கும் தொடர்பு காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2011இல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் குழுவோ, தொழிலாளர்களும் அவர்களின் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டிருப்பதற்கு முகாந்திரம் இருக்கிறது என்றது. இரண்டில் எது சரி என்று ஏழைத் தொழிலாளி எப்படி நிரூபிப்பான்?

பாதரச வேலையை விட்ட சில மாதங்களில் சிறுநீரில் அதன் அளவு இறங்கிவிடும். வருடங்கள் கழித்துப் பரிசோதித்தால் கையில் கிடைப்பது வெறும் காகிதம்தான். ஆலை ஓடும்போதே ஒவ்வொரு சீட்டிலும் தொழிலும் அறிகுறியும் தேதியும் எழுதப்பட்டு, சிறுநீர் சோதனை முடிவு தொழிலாளியின் கையிலேயே கொடுக்கப்பட்டிருந்தால், நிபுணர் குழுக்கள் மோதிக்கொள்ள வேலை இருந்திருக்காது. அதைவிட முக்கியம், நோயே பலருக்கு வராமல் தடுத்திருக்கலாம்.

2015இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் என்ற இளம்பெண் பாடிய ஒரு பாட்டு இணையத்தில் உலகம் சுற்றியது. பாட்டு கூடுமா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். அதற்குப் பிறகுதான் இந்த மலைத் தொழிலாளர்களின் பெயர் வெளிநாடுகளில் பரவலாகக் கேட்டது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் கொடுப்பதாகச் சொன்னதே தவிர, தன் தவறு என்று அது ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு டாக்டரின் வாயும் மௌனமும்

கம்பெனியை எதிர்த்து ஒரு டாக்டரால் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். ஜப்பானின் மினமாட்டாவைப் பாருங்கள். சிஸ்ஸோ என்ற இரசாயனக் கம்பெனி அங்கே கடலில் பாதரசக் கழிவைக் கொட்டியது. மீன் தின்ற மக்கள் கை கால் இழுத்து, பேச்சுக் குழறி விழுந்தார்கள். 1956 மே 1ஆம் தேதி, இன்னதென்று தெரியாத நரம்பு நோய் பரவுகிறது என்று சுகாதார நிலையத்துக்கு முறைப்படி தெரிவித்தவர் யார்? அதே கம்பெனி ஆஸ்பத்திரியின் தலைவர் டாக்டர் ஹொசகாவா! கம்பெனிச் சம்பளம் வாங்கியவர்தான். ஆனாலும் தெரிவித்தார். அதனால்தான் உலகமே விழித்தது.

அதே டாக்டர் 1959இல் ஆலைக் கழிவுநீரைப் பூனைக்கு உணவில் கலந்து கொடுத்துச் சோதித்தார். பூனைக்கும் அதே நோய் வந்தது. கம்பெனி அந்த முடிவை மூடி மறைத்தது. அவரும் வெளியில் சொல்லவில்லை. கழிவு 1968 வரை கடலில் கலந்தது. 1970இல் புற்றுநோயோடு படுத்த படுக்கையிலிருந்து அவர் உண்மையைச் சாட்சியமாகச் சொன்னார். அதே வருடம் இறந்தும் போனார். அவர் வாய் திறந்ததால் ஒரு நோய் வெளிச்சத்துக்கு வந்தது. அவர் மௌனம் காத்த வருடங்களில் எத்தனை குடும்பங்கள் பாழாயின! ஒரே மனிதரின் வாழ்க்கையில் இரண்டு பாடமும் இருக்கிறது.

அந்த ஊரின் பெயரால்தான் 2013இல் பாதரசத்துக்கு எதிரான சர்வதேச ஒப்பந்தம் உருவானது. 2018இல் இந்தியாவும் அதை ஏற்றது.

நம் வீட்டுக்குள் பார்ப்போம்

பன்னாட்டுக் கம்பெனியைத் திட்டுவது சுலபம். கொடைக்கானலிலிருந்து மலையிறங்கி வந்தால் திண்டுக்கல். தோல் ஷாப்புகள் நிறைந்த ஊர். இங்கேயும், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையிலும் முதலாளிகளாக இருப்பது யார்? நம்மவர்களில் பலர்! பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்ததை மறக்க முடியுமா? சுண்ணாம்பிலும் குரோமியத்திலும் ஊறிய கைகளில் புண்ணோடு வரும் தொழிலாளியும், மூடிய கழிவுத் தொட்டியில் விஷவாயு தாக்கி விழும் கூலியாளும் நம் கண்முன்னே இருக்கிறார்கள். மேலப்பாளையத்தில் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் நம் சகோதரிகள் புகையிலைத் தூளை நாள் முழுதும் சுவாசிக்கிறார்கள். பக்கத்திலேயே குழந்தை விளையாடுகிறது.

வருமுன் காப்பது நமக்குப் புதிதா? கொள்ளை நோய் பரவும் ஊருக்குள் போகவும் கூடாது, அங்கிருந்து வெளியேறவும் கூடாது என்ற நபிகளாரின் கட்டளையை 2020 கொரோனா காலத்தில் எத்தனை முறை சொன்னோம், கேட்டோம்! கொரோனா போனதும் அந்தப் பாடமும் போய்விட்டதா?

ஜமாஅத்துகளும் வியாபாரிகள் சங்கங்களும் இலவச மருத்துவ முகாம் நடத்துகின்றன. நல்ல காரியம்தான். சர்க்கரை பார்க்கிறார்கள், இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், பத்து நாள் மாத்திரை கொடுக்கிறார்கள். பதினோராவது நாள் அந்த மனிதர் அதே தூளுக்குள், அதே தொட்டிக்குள்தானே போகிறார்? ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால் கரை சேர முடியுமா? ஓட்டையை அடைக்க வேண்டாமா?

ஆகவே நாம் சொல்வது இவைதான்.

உங்கள் வீட்டு டாக்டரிடம் கேளுங்கள்: "ஒவ்வொரு சீட்டிலும் நோயாளியின் தொழிலை எழுதுகிறீர்களா? ஒரே பட்டறையிலிருந்து ஒரே மாதிரி நோயோடு மூன்று பேர் வந்தால் யாருக்குத் தெரிவிப்பீர்கள்?" அடுத்த மருத்துவ முகாமின் அட்டையில் பெயர், வயதுக்குப் பக்கத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம் போடுங்கள். முகாம் முடிந்ததும் அந்த அட்டைகளை டாக்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கட்டும். மாதம் ஒரு நாள், பீடி சுற்றும் தெருவிலும் தோல் ஷாப் வாசலிலும் நின்று, எதை எப்படித் தவிர்ப்பது என்று புரியும் தமிழில் பேசட்டும்.

முதலாளிகளே! வருடத்துக்கு ஒரு முறை தொழிலாளிகளைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். முடிவை உங்கள் அலமாரியில் பூட்டாமல் அவர்கள் கையில் கொடுங்கள். நோய் என்று சொன்னவனை வேலையை விட்டு நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அடுத்தவன் வாயே திறக்க மாட்டான்.

இளைஞர்களே! மருத்துவம் என்றால் எம்.பி.பி.எஸ். மட்டும்தான் என்று இருக்காதீர்கள். சுகாதார ஆய்வாளர் படிப்பும், பொது சுகாதாரப் படிப்பும் இருக்கின்றன. ஒரு டாக்டர் நாளெல்லாம் உட்கார்ந்து நூறு பேருக்கு மருந்து எழுதலாம். ஒரு சுகாதார ஆய்வாளர் ஒரு பட்டறையின் காற்றைச் சுத்தமாக்கினால், அந்த நூறு பேரும் டாக்டரிடம் போக வேண்டிய தேவையே இருக்காது.

சிந்தியுங்கள் சகோதரர்களே! இன்றே நமக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடமாவது இதைப் பேசித் தொடங்குவோம்.