பெரிய நாய்க்கு யார் இடம் கொடுப்பது?

குட்டியாக இருந்தபோது மடியில் தூங்கியது. குழந்தைகள் ஆளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஒரே வருஷத்தில் இரண்டரை அடி உயரம் வளர்ந்துவிட்டது! வீட்டுச் சொந்தக்காரர் முணுமுணுத்தார். பாட்டி பயந்தாள். ஒரு நாள் இரவு கொள்ளிடக் கரையில் அதை இறக்கிவிட்டு வண்டி திரும்பிவிட்டது.

பெரிய நாய்கள் பல, தெருவுக்கு வருவது இப்படித்தான்.

இது குற்றம். ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் பாடுபட்டதன் பயனாக 1960-ல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி பிராணியைக் கைவிடக்கூடாது. மீறினால் அபராதம் எவ்வளவு தெரியுமா? முதல் தடவைக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! பல ஆண்டுகளாக அதே தொகைதான். இதற்கு யார் பயப்படுவார்கள்? சர்க்கார் இதை உயர்த்தியே தீரவேண்டும்.

அது ஒருபுறம் இருக்கட்டும். யாரோ ஒரு புண்ணியவான் அந்த நாயைப் பிடித்து, சோறு போட்டு, மருந்து வைத்துக் காப்பாற்றுகிறார். அப்புறம்தான் கஷ்டம். அதற்கு ஒரு வீடு வேண்டுமே!

ஸ்ரீரங்கத்தில் இது லேசான காரியம் அல்ல. சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு நாய் குரைத்தால் நாலு வீட்டுக் குழந்தைகள் விழித்துக்கொள்ளும். காவிரிக்குத் தெற்கே தில்லைநகரிலோ மாடி மேல் மாடி.

கொள்ளிடத்துக்கு அப்பால் வாழைக்கொல்லை வைத்திருப்பவர், "காவலுக்குப் பெரிய நாய் வேண்டும்" என்று முதல் ஆளாக வருவார். அவரிடம்தான் ஜாக்கிரதை! பகல் முழுவதும் சங்கிலி, ராத்திரி ஒரு பிடி சோறு, பக்கத்தில் ஆள் கிடையாது என்றால் அது வீடா? ஜெயில். சங்கிலியிலேயே கிடக்கும் நாய் முதலில் சீறும். பிறகு கடிக்கும். மறுபடியும் தெருதான்.

பெரிய இடத்தைவிட, நேரம் உள்ள ஆள் முக்கியம். காலையும் மாலையும் நடத்திச் செல்ல ஆள் இருந்தால், இரண்டு அறை வீட்டிலும் அது சமர்த்தாகப் படுத்திருக்கும். இழுத்தால் பிடித்து நிறுத்தும் வலு அந்த ஆளுக்கு வேண்டும். சின்னப் பையன் கையில் கொடுத்து அனுப்பக்கூடாது.

நம் ராஜபாளையம் நாயைப் பாருங்கள். 2005-ல் தபால் தலையில் இடம் பெற்ற ஜாதி. வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. வேட்டை நாய் ஆதலால் ஓடாமல் இருக்க முடியாது. இதில் பிறவிச் செவிடும் உண்டு. கூப்பிட்டால் வரவில்லை, திமிர் பிடித்தது என்று அதை அடித்து விரட்டுகிறார்கள். பாவம், காது கேட்டால்தானே வரும்! கையால் ஜாடை காட்டிப் பழக்கினால் சொன்னபடி கேட்கும்.

கொடுப்பவர் முதலில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். கோழியைத் துரத்துமா, குழந்தையிடம் எப்படி என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். மறைத்துக் கொடுத்தால் பத்து நாளில் திரும்பி வரும். வாங்குபவர் வீட்டை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. வாடகை வீடானால் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும். அதைவிட முக்கியம், அடுப்படியில் நிற்பவரின் சம்மதம். தினமும் சோறு வைக்கப் போவது அவர்தானே!

புது இடத்தில் நாய் சில நாள் சரியாகச் சாப்பிடாது. மூலையில் ஒதுங்கும். குழந்தைகள் கட்டிப் பிடிக்கக்கூடாது. தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அதுவாக எழுந்து வரும்வரை விட்டுவிட வேண்டும். பழைய பெயர் தெரிந்தால் அதையே சொல்லிக் கூப்பிடலாம்.